இவர் தலைக்குப் பத்தாத ஹெல்மெட்

மார்ச் 4, புதன்

மூன்றாவது ஹெல்மெட்டும் திரும்பிப் போகப் போகிறது.

இவர் பெட்டியைப் பிரித்தார். தலையில் வைத்தார். கண்ணாடி முன் போய் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "நெத்தியில அழுத்துது" என்றார். முதல் ஹெல்மெட் பொட்டில் அழுத்தியது, இரண்டாவது பின்மண்டையில். நான் இருபது வருடமாக எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவள். ஒரு மண்டையில் அழுத்துவதற்கு இத்தனை இடம் இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

பிறகு அதைக் கழற்றி, வந்தபடியே பெட்டியில் வைத்து, ஓரம் பிசகாமல் நாடா ஒட்டி, ஷூ ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டியது நான். சைக்கிள் கடை என் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருக்கிறதாம். அளவு எடுப்பது, கடைக்குப் போன் செய்து சொல்வது மட்டும் இவர். "ஒரு தடவை நேர்ல வந்து போட்டுப் பாருங்களேன்" என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன். ஆபீஸில் தலைக்கு மேல் வேலையாம். அந்தத் தலைக்குத்தான் ஹெல்மெட் கிடைக்கவில்லை.

எரிச்சலில் எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது. போகட்டும்.

போன வருடம் மலைப்பாதையில் இறங்கும்போது விழுந்து இவருக்குத் தோளில் காறை எலும்பு உடைந்தது. அன்று டியூட்டியில் நான்தான். ஸ்ட்ரெச்சரில் வந்தவரைப் பார்த்து, எல்லோரிடமும் சொல்வதுபோல, "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லித்தான் படம் எடுத்தேன். எடுத்து முடித்த பிறகுதான் எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். பழைய ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து தலையைக் காப்பாற்றிக் கொடுத்தது. எலும்பு கூடி மாதக்கணக்காகிறது. "தாராளமா சைக்கிள் ஓட்டலாம்" என்று டாக்டரும் சொல்லியாயிற்று. சைக்கிளோ பால்கனியில் பழைய போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

"சரியான சாமான் இல்லாமப் போயித்தான விழுந்தேன்? இந்தத் தடவை எல்லாம் சரியா அமையட்டும், அப்புறம் போறேன்" என்கிறார். நியாயமான பேச்சு. நானும் நியாயம் என்றுதான் நம்பி அலைகிறேன்.

ஏப்ரல் 12 இவருடைய சைக்கிள் கோஷ்டி மலைக்குப் போகிறது. பெயர் கொடுக்க மூன்றாம் தேதி கடைசி.

மார்ச் 7, சனி

கடையில் ஒரு மணி நேரம்.

கடைக்காரருக்கு நான் மனதுக்குள் 'சரியாயிடும்' என்று பெயர் வைத்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் "போடப் போட சரியாயிடும்மா" என்பார். கையுறை இறுக்கம் என்றேன். சரியாயிடும். முழங்கால் பேட் தொடையைப் பிடிக்கிறதாம் என்றேன். சரியாயிடும். ஹெல்மெட்டுமா? என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹெல்மெட் சரியாகாதும்மா" என்று ஒப்புக்கொண்டார். அந்த அளவுக்கு நேர்மை இருக்கிறது.

இன்று வாங்கியது: முழுக்கைச் சட்டை, வியர்வை உடனே காய்கிற துணி. பருத்தி போட்டால் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், மேலே போனதும் குளிரில் விறைத்துப்போகும் என்றார். பிறகு மலை சைக்கிளுக்கான அரைக்கால் டிராயர். உள்ளே மெத்தை மெத்தையாக வைத்துத் தைத்திருக்கிறார்கள், குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி. இதை எப்படிப் போடுவது என்று கேட்டேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "அது சாருக்குத் தெரியும்மா" என்றார். டிராயர் போடுவதில் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது?

வீட்டுக்கு வந்தால் சட்டை மஞ்சளாக இருக்கிறதாம். "தூரத்துலேருந்தே தெரியுது" என்று குறை. தெரியத்தானே அந்த நிறம்! விழுந்து கிடந்தால் கண்டுபிடிக்க வேண்டாமா? அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

இவர் இன்று அலமாரியில் உள்ள டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மார்ச் 11, புதன்

நாத்தனார் போன் செய்தாள். இவருடைய தங்கை. எடுத்த எடுப்பிலேயே, "அண்ணி, நான் சொல்றேனேன்னு கோவிச்சுக்காதீங்க. அண்ணனை ஏன் இப்படித் துரத்துறீங்க? மறுபடி விழுந்தா யாரு பாக்குறது?"

நான் துரத்துகிறேனா! "யார் சொன்னா?"

"அண்ணன்தான் சொல்லுச்சு. அண்ணிக்கு நான் மலைக்குப் போயே தீரணும், தினம் ஒண்ணு வாங்கிட்டு வர்றாங்கன்னு."

எனக்கு எதற்கு இவர் மலைக்குப் போக வேண்டும்? நானா சைக்கிள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்? சாமான் வேண்டும் என்று கேட்டதும் இவர், வந்த சாமானைத் திருப்பி அனுப்புவதும் இவர், துரத்துவது மட்டும் நானா?

சரி, இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, உண்மையை எழுதுகிறேன். ஆமாம், எனக்கு இவர் போகத்தான் வேண்டும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வருவதற்குள் கிளம்பிவிடுவார். மதியம் வருவார், முழங்கால் வரை சேறு. வாசலிலிருந்து குளியலறை வரை தடம் பதிக்காமல் நடக்கத் தெரியாது. நான் கத்துவேன். இவர் விசிலடித்துக்கொண்டே துடைப்பார், துடைக்கிறேன் என்று இன்னும் நாலு இடத்தில் பூசுவார். அந்த மனிதர் எனக்குத் திரும்ப வேண்டும். டப்பா அடுக்குகிற இந்த ஆளோடு என்னால் குடித்தனம் பண்ண முடியவில்லை. தரை பளிச்சென்று இருக்கிறது. பார்த்தால் அழுகை வருகிறது.

இதை நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது? "சரிம்மா, பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

கடையில் சண்டை போட்டுவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷூ. அடியில் பிசின் மாதிரி பிடித்துக்கொள்கிற ரப்பர், பெடலில் கால் நழுவாது. இவர் போட்டுப் பார்த்து, கட்டைவிரலை மடக்கிக் காட்டி, முகத்தைச் சுளித்து — அதே நாடா, அதே பெட்டி. கொண்டுபோய் மேஜை மேல் வைத்துவிட்டு, "உங்களுக்கு அளவே தெரியாதா? எத்தனை தடவை அலைய விடுவீங்க? நீங்க கடை வெச்சிருக்கீங்களா, இல்ல என் காலை ஒடிக்கணும்னு வேண்டுதலா?" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தது நிற்கவில்லை. ஹெல்மெட், கையுறை, பேட், மஞ்சள் சட்டை எல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார் பாவம்.

அவர் கோபப்படவே இல்லை. பெட்டியைத் திருப்பி எண்ணைக் காட்டினார். "ஏழும்மா. சார் போன்ல ஏழுன்னுதான் சொன்னாரு. நான் ரெண்டு தடவை கேட்டேன். ஏழுதான்னாரு."

பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்து ஷூ ஸ்டாண்டில் இவருடைய ஆபீஸ் ஷூவை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது.

இன்னொரு ஜோடி. ஒன்பது.

ரப்பர் செருப்பு. ஒன்பது!

இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறதியாக இருக்கலாம். வயதாகிறது. இருக்கலாம் இல்லையா?

மார்ச் 15, ஞாயிறு

மதியம் இவர் சோபாவில் செய்தித்தாளை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துவந்தேன். மெதுவாகத் தலையைச் சுற்றிப் போட்டேன், புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே. பழக்கத்தில் "அசையாதீங்க" என்று வாயில் வந்துவிட்டது. நல்லவேளை, எழுந்திருக்கவில்லை.

ஐம்பத்தெட்டு.

திரும்ப அளந்தேன். ஐம்பத்தெட்டுதான். இன்னும் திருப்பிக் கொடுக்காமல் ஷூ ஸ்டாண்டின் மேல் இருக்கிற ஹெல்மெட் பெட்டியில் ஐம்பத்துநாலு என்று போட்டிருக்கிறது.

இவர் நில அளவையாளர். இருபத்தைந்து வருடமாக வயலையும் மனையையும் எல்லைக்கல்லையும் அளந்து சம்பாதிக்கிறவர். "ஒரு விரல் அகலம் தப்பினா ரெண்டு குடும்பம் கோர்ட்டுல நிக்கும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்கிறவர். கல்யாணமான புதிதில், இந்த வீட்டு ஹாலின் ஒரு சுவர் எதிர்ச் சுவரைவிட இரண்டு சென்டிமீட்டர் குட்டை என்று கண்டுபிடித்து வீட்டுச் சொந்தக்காரரிடம் வாதாடியவர். அந்த மனிதர் தன் சொந்தத் தலையை நாலு சென்டிமீட்டர் தப்பாக அளந்தாராம். சொந்தக் காலை இரண்டு எண் குறைத்துச் சொன்னாராம். கையுறையும் பேடும் கேட்கவே வேண்டாம்.

தப்பு இல்லை இது. வேண்டுமென்றே.

எனக்குத் தண்ணி காட்டியிருக்கிறார்! ஒரு மாதமாக நான் கடைக்கும் வீட்டுக்கும் பெட்டி தூக்கி அலைகிறேன், இவர் ஹாலில் உட்கார்ந்துகொண்டு தனக்குப் பத்தாது என்று தெரிந்தே தலையில் வைத்துக் கண்ணாடி பார்க்கிறார்! அந்தக் கடைக்காரரிடம் நான் போட்ட சண்டை! எழுப்பி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று தோளில் கை வைத்தேன். வலது தோள். விரலுக்குக் கீழே எலும்பு கூடின இடத்தில் சின்ன மேடு தட்டுப்பட்டது.

கையை எடுத்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

இன்றும் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

இன்று முதுகு எக்ஸ்ரேக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். மேஜையில் படுக்கச் சொன்னால் தாகம் என்றார். தண்ணீர் குடித்து வந்து பட்டன் கழற்ற வரவில்லை என்றார். அப்புறம் மேஜை சில்லென்று இருக்கிறதே, விரிப்பு இல்லையா என்றார். அப்புறம் பாத்ரூம். யாருமே "பயமா இருக்கு" என்று சொல்வதில்லை. பட்டன், தாகம், விரிப்பு என்றுதான் சொல்வார்கள். நானும் இத்தனை வருடமாக அவசரப்படுத்தாமல் நின்று, விரிப்புப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பேசிப் பேசித்தான் படுக்க வைக்கிறேன். இன்றும் அப்படித்தான் செய்தேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போன பிறகு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொட்டில் அழுத்துது. நெத்தியில அழுத்துது. மஞ்சளா இருக்கு.

ஊரார் பயமெல்லாம் தெரிகிறது எனக்கு. வீட்டில் இருக்கிறவர் பயம் தெரிய டேப் எடுத்து அளக்க வேண்டியிருந்தது.

சரி, தெரிந்துகொண்டேன். இப்போது என்ன செய்வது? "நீங்க பயப்படுறீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னால் இவர் அவ்வளவுதான், சைக்கிளை விற்றுவிட்டு வருவார். சொல்லாமல் இருந்தால் மூன்றாம் தேதி போய்விடும். இந்த வருடம் போகாவிட்டால் இனி எப்போதும் போகமாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது.

மார்ச் 19, வியாழன்

மத்தியான டியூட்டி. காலையில் வீட்டில் நான் மட்டும். பெட்டிகளைக் கடையில் கொடுத்துத் தொலைக்கலாம் என்று எடுத்தவள், ஏதோ ஒரு வேகத்தில் நாடாவைக் கிழித்து ஹெல்மெட்டை என் தலையில் வைத்தேன்.

கச்சிதமாக உட்கார்ந்தது.

கையுறை போட்டேன். விரல் விரலாகச் சரி. ஷூ — எனக்கும் ஏழு! முழங்கால் பேட் தொடையைப் பிடிக்கவில்லை, வழுக்கவும் இல்லை. மஞ்சள் சட்டையையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். விண்வெளிக்குப் போகிற பலசரக்குக் கடைக்காரி மாதிரி இருந்தது. தனியாக நின்று சிரித்தேன். இவருக்குப் பத்தாதென்று பார்த்துப் பார்த்து வாங்கியதெல்லாம் எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறதே!

பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் நான் சைக்கிளில் போனவள்தான்.

இந்த வயதில் எனக்கு இதெல்லாம் சரிவருமா? சரிவராது. ஆனாலும் ஒன்றையும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

மார்ச் 21, சனி

உடம்பில் வலிக்காத இடம் கண் இமை மட்டும்.

இவர் ஆபீஸ் போனதும் போர்வையை உருவி, சைக்கிளை லிஃப்டில் நிமிர்த்தி நிறுத்தி, கீழே கொண்டுபோனேன். மூன்றாவது மாடிப் பெண்மணி லிஃப்டில் ஏற வந்து, என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "நான் அடுத்ததுல வரேன்" என்று நின்றுவிட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புல் சரிவு இருக்கிறதே, இவர் முன்பு பழகிய இடம், அங்கே போனேன்.

முதல் கோளாறு: முழங்கால் பேட் இரண்டும் பத்து மிதியில் கணுக்காலுக்கு வந்துவிட்டன. உறையில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் போட்டேன். எக்ஸ்ரே படத்தில் நம் வலது கைப்பக்கம் தெரிவது நோயாளியின் இடது. அந்தப் புத்தியிலேயே இந்தப் படத்தையும் பார்த்து, பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறேன். வீட்டில் நின்று பார்த்தபோது சும்மா மேலாக மாட்டியதால் தெரியவில்லை. எந்தப் பக்கம் என்று தப்பில்லாமல் குறிப்பதுதான் என் வேலையே. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டாவது: சரிவில் இறங்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். வேண்டுமென்று இல்லை, தானாக. மேலே பிடித்த மூச்சை அடிவாரத்தில்தான் விட்டேன். கண்ணெல்லாம் பூச்சி பறந்தது. அப்படியே புல்லில் சாய்ந்தேன். அடி இல்லை. பேட் இருந்தும் இல்லாத முழங்காலில் கொஞ்சம் சிராய்ப்பு.

ஆனால் அந்தச் சரிவு! காற்று சட்டைக்குள் புகுந்து, ஒரே ஒரு நிமிடம்... இதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தாரா இந்த மனிதர்?

மூன்றாவது கோளாறை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த மெத்தை டிராயர் எங்கெங்கோ உரசிவிட்டது. நடக்க முடியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் பால்கனியிலிருந்து வந்தார். "சீட் இறங்கியிருக்கு" என்றார். இரண்டு விரல் அளவுதான் இறக்கியிருந்தேன். சைக்கிள் சீட் என்றால் மில்லிமீட்டர் தெரிகிறது, தலை என்றால் தெரியாது!

"ஆமா" என்றேன்.

ஏன், எதற்கு, எங்கே — ஒன்றும் கேட்கவில்லை. செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் சமையலறைக்கும் ஹாலுக்கும் வாத்து மாதிரி நடந்துகொண்டிருந்தேன். நாலாவது நடைக்குச் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பேட் வெச்ச டிராயருக்குள்ள வேற ஒண்ணும் போடக்கூடாது."

அடப்பாவி கடைக்காரரே! இதைச் சொல்லத்தானா விட்டத்தைப் பார்த்தீர்?

மார்ச் 25, புதன்

டியூட்டி முடிந்து வந்தால் என் கட்டில் மேல் முழங்கால் பேட் இரண்டும். உள்பக்கம் வெள்ளைப் பட்டி ஒட்டி 'இ', 'வ' என்று எழுதியிருக்கிறார், வரைபடத்தில் எழுதுகிற அதே கையெழுத்தில். என் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தே ஊகித்திருப்பார் போல. எக்ஸ்ரேயில் இடது, வலது குறிக்கிற எனக்கே மார்க் போட்டுக் கொடுக்கிறார்! கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 28, சனி

போர்வையை உருவும்போது இவர் வீட்டில்தான் இருந்தார், இன்று ஆபீஸ் இல்லை. "எங்க போற?" "சரிவுக்கு." "தனியாவா?" "வேற யாரு வர்றா?" மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்துவந்தார். வழியெல்லாம் குற்றப் பத்திரிகை. கன்னத்துப் பட்டை தொளதொள என்று இருக்கிறது, ரெண்டு விரல்தான் நுழையணும். ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளாதே, நெத்தி மறையணும். பிரேக்கில் ஒற்றை விரல் போதும், மொத்தக் கையையும் கொடுக்காதே. எனக்கு அப்படியே சைக்கிளை அவர் தலையில் போட்டுவிடலாம் போல இருந்தது.

மேலே நின்றேன். இறங்கினேன். மூச்சு தானாக அடங்கிவிட்டது. பாதியில் பின்னால் தடதடவென்று ஓடிவருகிற சத்தம்.

"மூச்சு விடு! ஏய், மூச்சு விடு! வாயைத் திற!"

விட்டேன். அந்தக் கணமே தோள் இளகியது, கைப்பிடி ஆட்டம் நின்றது, சைக்கிள் அதுபாட்டுக்கு மேட்டையும் பள்ளத்தையும் தாண்டிக்கொண்டு போனது. அடிவாரத்தில் சுளுவாக நின்றேன். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்துசேர்ந்தார். ரப்பர் செருப்போடு ஓடியிருக்கிறார், ஒன்று பாதி வழியில் கிடக்கிறது.

"ஆளுங்களை மூச்சைப் பிடிக்கச் சொல்லிச் சொல்லி நீயும் பிடிக்கிறியா?" என்றார்.

ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு என் கன்னத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே, "இந்த ஹெல்மெட் உனக்குக் கரெக்டா இருக்கு" என்றார்.

"நீங்க எடுத்த அளவுதான்" என்றேன்.

பட்டையில் இருந்த விரல் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று மேலே ஏறிப் போனார். ஆனால் வீடு வரை சைக்கிளை அவர்தான் தள்ளிக்கொண்டு வந்தார்.

சொல்லியிருக்க வேண்டாமோ? எனக்கு வாய் அடங்காது.

மார்ச் 31, செவ்வாய்

கோஷ்டித் தலைவர் போன் செய்தார். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், எந்தக் கப்பலுக்கு என்று தெரியாது. "சார் வர்றாரா, என்ன முடிவு?" என்றார். இவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், காது என் பக்கம்.

"அவரு பேரை அவரு சொல்லுவாரு. என் பேரை எழுதிக்குங்க. புதுசா ஓட்டுறவங்க போற கீழ்ப்பாதைக்கு" என்றேன்.

கேப்டன் இரண்டு தடவை "யாரு, நீங்களா?" என்று கேட்டார். நாத்தனாருக்குத் தெரிந்தால் வீட்டுக்கே வந்துவிடுவாள்.

ஏப்ரல் 2, வியாழன்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் என் தையல் டேப்.

"என் தலையை அளந்து சொல்லு."

பேசினால் கெடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அவரே பேசினார், மடித்த துணியைப் பார்த்துக்கொண்டு. "விழுந்தப்ப எலும்பு உடைஞ்சது எனக்கே கேட்டுச்சு. குச்சி ஒடியிற மாதிரி. இப்ப எந்த ஹெல்மெட்டைப் போட்டாலும், காதை மூடினதும் அதான் கேக்குது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ வேற பெட்டி பெட்டியா தூக்கிட்டு வந்தே."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நிஜமாயிடும்."

எழுந்து பின்னால் நின்று டேப்பைச் சுற்றினேன். முடி நரைத்திருக்கிறது, எப்போது இவ்வளவு நரைத்தது? இவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, என் மேஜையில் படுக்கிறவர்கள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"மூச்சைப் பிடிக்கணுமா?"

"வேண்டாம். விடுங்க" என்றேன்.

விட்டார். நிறைய நேரம் விட்டார்.

"அம்பத்தெட்டு" என்றேன்.

"தெரியும்" என்றார்.

ஏப்ரல் 4, சனி

இரண்டு பேரும் கடைக்குப் போனோம். முதலில் நான் 'சரியாயிடும்' அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா, சரியாயிடும்" என்றார், வேறென்ன சொல்வார்! இவர் ஐம்பத்தெட்டைத் தலையில் வைத்து, பட்டையைப் பூட்டி, அப்படியே நின்றார். கண்ணாடி பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் கையுறை பார்ப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "இதைக் குடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்வது கேட்டது.

சட்டை? கறுப்பு, சாம்பல், நீலம் எல்லாம் பார்த்துவிட்டு மஞ்சளையே எடுத்தார். அதற்கு முக்கால் மணி நேரம்! எனக்கும் ஒரு வாடகை சைக்கிள் சொல்லியாயிற்று. கேப்டனிடம் தன் பெயரை நேற்றே கொடுத்துவிட்டாராம். எனக்குச் சொல்ல மறந்துவிட்டாராம். மறந்துவிட்டாராம்!

ஏப்ரல் 8, புதன்

நாத்தனார் வந்து இரண்டு மணி நேரம் அழுதாள். போகும்போது, "அந்த மஞ்சள் சட்டை எனக்கு வருமா அண்ணி?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மற்றவர்கள் மேல்பாதையில் போனார்கள். நாங்களும் கேப்டனும் கீழ்ப்பாதை. போன வருடம் இவர் விழுந்த இடத்தில் இரண்டு பாதையும் சேர்கிறது. வேர்கள் துருத்திக்கொண்டிருக்கிற சின்ன இறக்கம், அவ்வளவுதான். இவர் நின்றார். இறங்கினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து கடந்தார். கேப்டன் தூரத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல மனிதர். நானும் இறங்கித் தள்ளினேன். எனக்கு உண்மையாகவே அது செங்குத்துதான்.

கீழே போனதும் இவர் திரும்பிப் பார்த்தார். "நீ இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளோடு மறுபடி மேலே ஏறினார். நான் நின்றேன். மேலே மஞ்சள் சட்டை ஏறி உட்கார்வது தெரிந்தது. பிறகு ரொம்ப நேரம் அசையவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"மூச்சு விடுங்க!" என்று கத்தினேன்.

வீட்டுக்கு வந்தோம். வாசலிலிருந்து குளியலறை வரை சேறு. ஹால் சுவரில்கூட ஒரு கை அடையாளம், அது எப்படி அங்கே போனதென்று தெரியவில்லை. வாய் வலிக்கத் திட்டினேன். விசிலடித்துக்கொண்டே துடைக்கிறார், இன்னும் நாலு இடத்தில் பூசிக்கொண்டிருக்கிறார்.